ஜேம்ஸ் பாண்டின் காலணியை எடுத்துக் கொடுத்தவர்

1962இல் வெளிவந்த 'டாக்டர் நோ' ஜேம்ஸ் பாண்ட் வரிசையின் முதல் படம். அதில் ஒரு கடற்கரைக் காட்சி உண்டு. எதிரிகள் நெருங்குகிறார்கள், உடனே ஓட வேண்டும். பாண்ட் தன்னோடு வந்த கறுப்பினப் படகோட்டியிடம் தன் காலணிகளை எடுத்து வரச் சொல்கிறார். அது வேண்டுகோள் அல்ல, ஏவல். படகோட்டியும் எடுத்து வருகிறார். சில நொடிகளில் கடந்துபோகும் இந்தக் காட்சியை உலகம் முழுக்கக் கோடிக்கணக்கானோர் பார்த்திருக்கிறார்கள். பெரும்பாலோர் கண்ணில் அது தங்கியிருக்காது.

போடிநாயக்கனூரில் நாங்கள் நடத்தும் மாலைநேரப் படிப்பு வட்டத்தில் அது தங்கியது. சுவரில் வேட்டி கட்டி, புரொஜெக்டர் வைத்து, ஆங்கிலம் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க, பாண்ட் படங்களை வரிசையாகப் பார்த்தோம். 1962 முதல் 2021 வரை மொத்தம் 25 படங்கள், 6 கதாநாயகர்கள். பார்த்தவர்களில் கல்லூரி மாணவர்கள் உண்டு, ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் போய் வரும் பெண்கள் உண்டு, காய் பொறுக்கும் ஸ்டோரில் வேலை செய்கிறவர்களும் உண்டு. ஊர்த் தெரு வந்ததும் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்து நடந்த தலைமுறையைச் சேர்ந்த இரண்டு மூன்று பெரியவர்களும் வந்து உட்கார்ந்தார்கள். "காலணியை எடுத்து வா" என்ற ஏவலின் பொருளை அவர்களுக்கு யாரும் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

உளவுப் படம் பார்ப்பது நேரப்போக்கு, அதில் சாதி எங்கே வருகிறது என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். படங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்தால் வருகிறது. ஒரு படத்தில் தற்செயல் போலத் தெரிவது பத்துப் படங்களில் வழக்கமாகிவிடுகிறது. ஒரு தெருவில் ஒரு நாள் நடந்தால் அதைத் தகராறு என்று சொல்லிவிடலாம். தலைமுறை தலைமுறையாக நடப்பதற்கு வேறு பெயர் வேண்டும்.

அந்தப் படகோட்டியின் பெயர் குவாரல். நடித்தவர் ஜான் கிட்ஸ்மில்லர். அமெரிக்கக் கறுப்பினத்தவரான இவர் இரண்டாம் உலகப்போரில் படைவீரராக இத்தாலிக்குப் போய், அங்கேயே தங்கி நடிகரானார். 1957இல் யுகோஸ்லாவியப் படமான 'அமைதிப் பள்ளத்தாக்கு'க்காகக் கான் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது பெற்றார். அந்த விருதைப் பெற்ற முதல் கறுப்பின நடிகர் இவரே. ஐந்தாண்டு கழித்து அவருக்குக் கிடைத்தது காலணி எடுக்கும் வேடம். திறமை இருந்தால் போதும், எல்லாம் தானாக வரும் என்று நம் பிள்ளைகளுக்கு உபதேசம் செய்பவர்களுக்கு இந்த ஒரு வாழ்க்கைக் குறிப்பு போதும்.

படத்தின் கதையைக் கவனியுங்கள். ஜமைக்காவிலிருந்த ஸ்ட்ராங்வேஸ் என்ற பிரிட்டிஷ் உளவாளி காணாமல் போகிறார். ஒரு வெள்ளைக்காரர் காணாமல் போனதற்காக லண்டனில் நள்ளிரவில் அலுவலகம் விழித்துக்கொள்கிறது. கோப்பு திறக்கப்படுகிறது, பாண்ட் விமானம் ஏறுகிறார். ஸ்ட்ராங்வேஸை அந்த மர்மத் தீவுக்குப் படகில் கூட்டிப்போனவர் குவாரல். தீவின் நீரோட்டம் தெரிந்தவர், கரையேறும் இடம் தெரிந்தவர். அங்கே நெருப்புக் கக்கும் டிராகன் இருக்கிறது என்று அவர் அஞ்சுகிறார். படம் அதை அறியாமை போலக் காட்டுகிறது. ஆனால் டிராகன் உண்மையிலேயே வருகிறது. தீ கக்கும் குழாய் பொருத்திய வண்டி அது. குவாரல் அதன் தீயில் எரிந்து சாகிறார். பெயரைத்தான் அவர் தவறாகச் சொன்னார். ஆபத்தைச் சரியாகத்தான் சொன்னார்.

ஏலத்தோட்டத்தில் மருந்தடிக்கும் நாளில் தலை சுற்றுகிறது, வாந்தி வருகிறது என்று சொல்லும் பெண்ணிடம், காலையில் சாப்பிடாமல் வந்திருப்பாய் என்று மேஸ்திரி சொல்வதுண்டு. மருந்தின் வேதிப்பெயர் அவளுக்குத் தெரியாது. அது தன் உடம்பை என்ன செய்கிறது என்பது தெரியும்.

குவாரல் இறந்த பிறகும் படம் நிற்காமல் ஓடுகிறது. வில்லன் சாகிறார், தீவு வெடிக்கிறது, கடைசிக் காட்சியில் பாண்டும் கதாநாயகியும் படகில் தழுவிக்கொள்கிறார்கள். விளக்கைப் போட்டதும் ஒரு மூதாட்டி கேட்டது ஒன்றுதான்: அந்தப் படகுக்காரன் வீட்டுக்கு யார் போய்ச் சொன்னது?

பதில் அடுத்த படத்திலிருந்து கிடைத்தது. 1963இன் 'ஃப்ரம் ரஷ்யா வித் லவ்' படத்திலும் பாண்டுக்கு உதவும் உள்ளூர்க்காரர் ஒருவர் சாகிறார். அவர் கரீம் பே, இஸ்தான்புல்லில் உளவு நிலையத்தின் தலைவர். கோட்டு சூட்டு, கார், ஆள் அம்பு எல்லாம் உள்ளவர். ரயிலில் அவர் கொல்லப்பட்டதும் பாண்டின் முகம் மாறுகிறது. வழியில் ஒரு நிலையத்தில் கரீம் பேயின் மகனைச் சந்தித்து அவரே சாவுச் செய்தியைச் சொல்கிறார். ஆக, வீட்டுக்குப் போய்ச் சொல்லும் வழக்கம் இந்தத் தொடரில் இல்லாமல் இல்லை. யார் வீட்டுக்கு என்பதுதான் கேள்வி. இரண்டு பேரும் வெள்ளையர் அல்ல, இருவருமே பாண்டுக்காக உயிர் விட்டவர்கள். ஒருவர் நிலையத் தலைவர், இன்னொருவர் படகோட்டி. படிநிலைப்படுத்தப்பட்ட சமத்துவமின்மை என்று அண்ணல் அம்பேத்கர் சொன்னதை மாணவர்களுக்கு விளக்க நாங்கள் பலநாள் பாடுபட்டிருக்கிறோம். இந்த இரண்டு சாவுகளையும் அடுத்தடுத்துக் காட்டியது அதைவிடச் சுலபமாக இருந்தது.

எரிந்து செத்தவர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் நம்மால் வெண்மணியைத் தாண்டிப் போக முடியாது. 1968 டிசம்பர் 25 இரவு ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பெண்களும் குழந்தைகளுமே அதிகம். 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் நிலவுடைமையாளர்களை விடுதலை செய்தது. பெரும் நிலமும் காரும் வைத்திருக்கும் வசதியானவர்கள் அந்த இடத்துக்குத் தாமே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்ற பொருளில் அந்தத் தீர்ப்பு அமைந்தது. பாண்ட் படத்து வில்லன்களும் அப்படித்தான். நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் கையசைப்பார்கள், வண்டி போய் எரித்துவிட்டு வரும். ஆனால் திரையில் பாண்ட் அந்த நாற்காலியைத் தேடிப் போகிறார், நாற்காலியில் இருந்தவரைத்தான் குற்றவாளி என்கிறார். அந்த அளவுக்குப் பாண்ட் படத்தின் நீதி நம் நீதிமன்றத்தின் நீதியைவிட மேலானது என்று ஒரு மாணவர் சொன்னார். நாங்கள் மறுக்கவில்லை.

ஜமைக்காவுக்கும் நம் மலைக்கும் என்ன தொடர்பு? பாண்ட் கதைகளை எழுதிய இயான் ஃபிளெமிங் ஜமைக்காவில் 'கோல்டன்ஐ' என்று பெயரிட்ட தன் வீட்டில் உட்கார்ந்துதான் அவற்றை எழுதினார். அந்தத் தீவு கரும்புத் தோட்டங்களின் தீவு. அடிமைமுறை 1834இல் சட்டப்படி ஒழிக்கப்பட்டு, 1838இல்தான் முழுதாக முடிந்தது. அடுத்து ஆள் வேண்டுமே! 1845 முதல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் அங்கே இறக்கப்பட்டார்கள். ஏலமலை அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. அங்கே அடிமைமுறையை முற்றாக ஒழிக்கும் அரச ஆணை 1855இல் வந்தது. அதற்குப் பிந்தைய ஆண்டுகளில்தான் மலைச்சரிவுகளில் காபி, தேயிலை, ஏலம் என்று தோட்டங்கள் பெருகின. கங்காணிகள் மதுரை, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து முன்பணக் கடனில் ஆட்களைத் திரட்டி மேலே கொண்டுபோனார்கள். அப்படிப் போனவர்களில் பெரும்பகுதி பள்ளர், பறையர், அருந்ததியர். குவாரலின் தாத்தாவும் நம் தாத்தாவும் ஒரே வகைக் கணக்குப் புத்தகத்தில் பெயர் எழுதப்பட்டவர்கள். 'டாக்டர் நோ' படம் 1962 அக்டோபரில் திரைக்கு வந்தது. ஜமைக்கா சுதந்திரம் அடைந்தது அதே ஆண்டு ஆகஸ்ட் 6இல். படம் எடுக்கும்போது காலனி, படம் வெளியாகும்போது சுதந்திர நாடு. காலணி எடுக்கும் காட்சி மட்டும் மாறவில்லை.

1973இல் 'லிவ் அண்ட் லெட் டை' வந்தது. பாண்ட் மறுபடி கரீபியன் தீவு ஒன்றுக்குப் போகிறார், மறுபடி ஒரு படகோட்டி. இவர் பெயர் குவாரல் ஜூனியர். அப்பா எரிந்து செத்தார், மகன் அதே அலுவலகத்துக்கு அதே வேலை செய்ய வந்துவிட்டார். இதைப் பார்த்ததும் எங்கள் அறையில் சிரிப்பு எழுந்தது. குலக்கல்வித் திட்டத்தை 1953இல் ராஜாஜி சென்னை மாகாணத்தில் கொண்டுவந்தார், எதிர்ப்பில் அது போனது என்று படித்திருக்கிறோம். அது கரீபியனுக்குக் கப்பல் ஏறிவிட்டது போலிருக்கிறது! தந்தையின் தொழில் மகனுக்கு என்பதைச் சினிமா பாசத்தோடு, ஒரு பெருமையாகவே காட்டுகிறது. பாண்டின் பதவியில் ஆள் மாறிக்கொண்டே இருக்கிறது, யாரும் யாருடைய மகனும் அல்ல. படகுக்கு மட்டும் வாரிசு உண்டு. இந்தப் படகோட்டி சாகவில்லை என்பதை ஆறுதலாகக் குறித்துக்கொண்டோம்.

இனி நம் ஊர் பாண்டுகளுக்கு வருவோம். போடிப் பக்கத்துப் பெரியவர்களிடம் உளவுப் படம் என்றால் ஷான் கானரியைச் சொல்ல மாட்டார்கள், ஜெய்சங்கரைத்தான் சொல்வார்கள். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1966இல் எடுத்த 'வல்லவன் ஒருவன்', 1970இல் எடுத்த 'சி.ஐ.டி. சங்கர்' ஆகியவை அவரைத் தென்னகத்து ஜேம்ஸ் பாண்ட் ஆக்கின. 'வல்லவன் ஒருவன்' பாண்டிலிருந்து நேராக வந்ததுகூட அல்ல. பாண்ட் அலையில் பிரான்சில் ஓடிய ஓஎஸ்எஸ் 117 என்ற உளவாளி வரிசையிலிருந்து தழுவப்பட்டது. எம்.ஜி.ஆருக்கு எண் 115. பி.ஆர்.பந்துலு இயக்கிய 'ரகசிய போலீஸ் 115' 1968 பொங்கலை ஒட்டி வந்தது. திமுக ஆட்சிக்கு வந்து ஓராண்டுகூட ஆகாத நேரம். வெண்மணிக்குப் பதினோரு மாதம் முன்பு.

மலையில் வாரக்கூலி வாங்கிச் சந்தைக்கு இறங்கியவர்கள் இந்தப் படங்களைத் தரை டிக்கெட்டில், மணலைக் குவித்து உட்கார்ந்து பார்த்தார்கள். நம்மவர்களுக்கு இந்தப் படங்கள் ஏன் பிடித்தன என்பதை மேல்தட்டுச் சினிமா எழுத்தாளர்கள் சண்டை, கவர்ச்சி, தந்திரக் கருவிகள் என்று எழுதித் தள்ளிவிடுகிறார்கள். எங்களிடம் பேசிய பெரியவர்கள் வேறொன்றைச் சொன்னார்கள். ஜெய்சங்கர் எந்தக் கதவையும் திறந்து உள்ளே போவார். ஹோட்டல், பங்களா, கிளப் எங்கு நுழைந்தாலும் நீ யார் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் ஒரு அட்டையைக் காட்டுவார், கேட்டவன் சல்யூட் அடிப்பான். இரட்டைக் குவளை இருந்த டீக்கடையில் வெளியே நின்று குடித்தவனுக்கு அந்த அட்டை என்னவாகத் தெரிந்திருக்கும்! கொல்லும் உரிமம் அல்ல அவர்களை ஈர்த்தது, நுழையும் உரிமம்.

அதே படங்களில் நாம் இருந்தோமா? இருந்தோம். எண்ணெய் பூசிய கறுத்த உடம்போடு வில்லனின் அடியாளாக. மலைக்குகைக்கு வெளியே கரி பூசி ஆடும் 'காட்டுவாசி' நடனக் குழுவாக. அந்தக் காலப் படங்களில் மலை என்றால் கடத்தல்காரனின் பதுங்குமிடம். அங்கே காய் எடுப்பவர்களோ, கொழுந்து கிள்ளுபவர்களோ பெரும்பாலும் இல்லை, இருந்தாலும் பாட்டுக்குப் பின்னணி.

இன்னொரு விஷயம் மாறுவேடம். தமிழ் நாடக மேடையிலிருந்தே வரும் பழக்கம் இது. துப்பறியும் நாயகன் பாம்பாட்டி ஆவான், பிச்சைக்காரன் ஆவான், குறி சொல்பவன் ஆவான். வேலை முடிந்ததும் ஒட்டுத்தாடியைப் பிய்த்துவிட்டு மறுபடி சீமான். பாண்டும் 1967இன் 'யூ ஒன்லி லிவ் டுவைஸ்' படத்தில் ஒப்பனை போட்டு ஜப்பானிய மீனவர் ஆகிறார். மேலே இருப்பவன் கீழே இறங்கி வேடம் போட்டால் அது சாகசம். கீழே இருப்பவன் மேலே ஏறுவதுபோல ஒரு சட்டை போட்டால், மீசை முறுக்கினால், ஊர்த் தெருவில் வண்டி ஓட்டினால் அடி விழும்.

மறைந்து வாழ்வது யாருடைய அனுபவம் என்று உண்மையில் கேட்டால், நமக்குத்தான் அந்தப் பயிற்சி அதிகம். மதுரையிலோ திருப்பூரிலோ வாடகை அறை தேடும் நம் பையன் முதலில் தயார் செய்வது ஒரு கதையை. எந்த ஊர், ஊரில் எந்தத் தெரு, குலசாமி எது, அப்பா பெயர் என்ன? ஒவ்வொரு கேள்விக்கும் முன்கூட்டியே விடை வேண்டும். ஒரு விடை பிசகினால் வேஷம் கலைந்துவிடும். அறையில் ஒட்டக்கூடாத படம், சமைக்கக்கூடாத கறி, ஊரிலிருந்து யாராவது வந்தால் பேச வேண்டிய பேச்சு என்று எல்லாம் கணக்குத்தான். சமூகவியலாளர் எர்விங் காஃப்மன் 1963இல் எழுதிய 'ஸ்டிக்மா' நூலில், களங்கம் சுமத்தப்பட்டவர்கள் தங்களைப் பற்றிய தகவலை எப்படிக் காத்துக் காத்து வெளியிடுகிறார்கள் என்று விரிவாக ஆராய்ந்தார். முதுகலை வகுப்பில் அதைப் பரீட்சைக்காகப் படித்தோம். எங்களில் சிலர் அப்போது வாடகை அறையில் அதைச் செய்துகொண்டும் இருந்தோம்.

நம் வரலாற்றின் மிகப் பெரிய உளவுக் கதை எது தெரியுமா? அமெரிக்காவிலும் லண்டனிலும் படித்துத் திரும்பிய அம்பேத்கர் பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குப் போகிறார். தங்க இடம் இல்லை. பார்சிகளின் விடுதி ஒன்றில் பார்சிப் பெயரைப் பதிந்து தங்குகிறார். இரவில் தனியாக, மங்கிய விளக்கில், பயந்தபடி. பதினோராம் நாள் காலை தடிகளோடு ஒரு கூட்டம் வந்து நிற்கிறது. மாலைக்குள் காலி செய்ய வேண்டும். ஊர் முழுக்கத் தேடியும் வேறு இடமில்லை, அழுதபடி பம்பாய்க்கு ரயில் ஏறுகிறார். அவரே எழுதிய 'விசாவுக்காகக் காத்திருத்தல்' நூலில் இது இருக்கிறது. தலைப்பிலேயே விசா. போலிப் பெயர், பகை நிலம், வேஷம் கலைதல், வெளியேற்றம் எல்லாம் இதில் இருக்கின்றன. அவரை மீட்டுப்போக எந்த ஹெலிகாப்டரும் வரவில்லை. பாண்ட் படங்களுக்கு நடுவே ஒரு மாலை இந்தப் பகுதியை வாசித்தோம். அன்று வேறு படம் போடவில்லை.

1983இன் 'ஆக்டோபுஸி'யை இந்தியர்கள் பெருமையோடு நினைவு வைத்திருக்கிறார்கள். உதய்ப்பூரில் படமானது, நம் சென்னை டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜ் நடித்தார். மறுபடி பார்த்தால் பெருமை தங்கவில்லை. அவருடைய பாத்திரத்தின் பெயரும் விஜய். பாம்பாட்டி வேடத்தில் உட்கார்ந்து மகுடியில் பாண்டின் இசையை ஊதி பாண்டை வரவேற்கிறார். ஆட்டோ ஓட்டுகிறார். துரத்தல் காட்சியில் ஆணிப் படுக்கை, கத்தி விழுங்குபவர், நெருப்பு என்று காலனிய அஞ்சலட்டைகள் அத்தனையும் வந்து போகின்றன. துரத்துபவர்களைத் தடுக்க பாண்ட் ரூபாய் நோட்டுகளை வீச, தெரு மக்கள் பாய்ந்து பொறுக்குகிறார்கள். சூதாட்டத்தில் வென்ற பணத்தில் ஒரு கட்டைக் கொடுத்து, சில வாரக் குழம்புச் செலவுக்கு ஆகும் என்ற தொனியில் ஒரு நகைச்சுவை வேறு. பிறகு விஜய் ரம்பச் சக்கரத்தால் கொல்லப்படுகிறார். 1962 குவாரல், 1963 கரீம் பே, 1967 ஜப்பானியப் பெண் ஆக்கி, 1983 விஜய், 1985 சக் லீ. வழி காட்டியவர்களின் இந்தப் பட்டியலை மாணவர்கள் பலகையில் எழுதிக்கொண்டே வந்தார்கள்.

1989இல் வந்த படத்தின் பெயர் 'லைசன்ஸ் டு கில்'. பாண்டிடமிருந்து கொல்லும் உரிமம் பறிக்கப்படும் கதை. அதே 1989இல்தான் போடியிலும் சுற்றுக் கிராமங்களிலும் சாதிக் கலவரம் மூண்டது. வீடுகள் எரிந்தன, உயிர்கள் போயின. அதே ஆண்டு செப்டம்பரில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. நம் ஊரில் சிலர் பரம்பரையாக வைத்திருந்த உரிமத்தை ஒரு சட்டம் பறிக்க முயன்ற ஆண்டு அது. அந்த நாட்களைப் பற்றி எங்கள் கூட்டத்துப் பெரியவர்கள் அதிகம் பேசுவதில்லை, நாங்களும் வற்புறுத்துவதில்லை.

பாண்ட் படங்களில் எங்களை மிகவும் எரிச்சலூட்டியது வன்முறைகூட அல்ல, கடவுச்சீட்டு. அவருக்கு எல்லையே கிடையாது. ஒரு காட்சியில் லண்டன், அடுத்ததில் நசாவ். மேசை இழுப்பறையில் நாலைந்து பெயர்களில் ஆவணங்கள். போடியிலிருந்து பார்க்கும்போது இது உறுத்துகிறது. 1956 நவம்பர் 1 மொழிவழி மாநிலப் பிரிப்பில் தேவிகுளம், பீர்மேடு பகுதிகள் கேரளத்தோடு போயின. வேலை மேலே கேரளத்தில், வீடு கீழே தமிழ்நாட்டில். விடியும் முன்பே ஜீப்புகள் ஆட்களைத் திணித்துக்கொண்டு போடிமெட்டு வளைவுகளில் ஏறுகின்றன. பூப்பாறை, சாந்தம்பாறை, உடும்பன்சோலை என்று பிரிந்து, மாலையில் திரும்புகின்றன. கொள்ளளவுக்கு மேல் ஏற்றிய ஜீப் பள்ளத்தில் உருண்டால் மறுநாள் நாளிதழில் எண்ணிக்கை வரும்.

மேலேயே தங்கிவிட்டவர்களின் கதை இன்னும் மோசம். மூன்று தலைமுறையாகத் தோட்டத்து லயத்தில் வாழும் தலித் குடும்பத்துப் பெண் கல்லூரியில் சேரச் சாதிச் சான்றிதழ் கேட்கிறாள். 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைக்கு முன்பே உன் முன்னோர் இந்த மாநிலத்தில் வசித்ததற்கு ஆதாரம் எங்கே என்று கேட்கிறார்கள். 1950க்கு முந்தைய கூலித் தொழிலாளியிடம் என்ன பத்திரம் இருக்கும்? தோட்டத்தின் பழைய பதிவேட்டில் பெயர் இருந்தால் உண்டு. இல்லையென்றால் தாத்தாவின் ஊரான தமிழ்நாட்டுக்குப் போய் வாங்கு என்கிறார்கள். இங்கே வந்தால் நீ இந்த ஊரில் குடியில்லையே என்கிறார்கள். ஒரு மாநிலத்துப் பட்டியல் சாதியினர் இன்னொரு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் அங்கே அந்தத் தகுதி தொடராது என்று 1990இல் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. எல்லை நகர்ந்ததா, மக்கள் நகர்ந்தார்களா என்று கேட்க ஏலமலையில் நியாயம் இருக்கிறது. பாண்டிடம் பொய்யான ஆவணங்கள் ஐந்து இருக்கின்றன, ஐந்தும் செல்லுபடி ஆகின்றன. இந்தப் பெண்ணிடம் இருப்பது ஒரே உண்மை, அதற்கு ஒரு முத்திரை கிடைப்பதில்லை. தீண்டாமையை அனுபவிக்க மட்டும் எந்தச் சான்றிதழும் தேவைப்படவில்லை. இரண்டு மாநிலத்திலும் அது தானாகவே செல்லும்.

விமர்சகர்கள் பொதுவாகத் தாழ்த்தி எழுதும் ஒரு படம் எங்களிடம் மேலே ஏறியது. அது 2008இன் 'குவாண்டம் ஆஃப் சோலஸ்'. படத்தொகுப்பு வெட்டி வெட்டி ஓடுகிறது, கதை புரியவில்லை என்பார்கள். ஆனால் அதன் வில்லன் தங்கத்தையோ ஏவுகணையையோ தேடுபவர் அல்ல. சுற்றுச்சூழல் காவலர் வேடத்தில் பொலிவியாவின் பாலைநிலத்தை வாங்கி, நிலத்தடியில் தண்ணீரை அணை கட்டித் தேக்கி, அதே மக்களுக்கு அதிக விலைக்கு விற்கப் பார்ப்பவர். வறண்ட குழாயைச் சுற்றி நிற்கும் எளிய மக்களின் முகங்கள் சில நொடிகள் வருகின்றன. பொலிவியாவின் கோச்சபம்பா நகரில் தண்ணீர் தனியார்மயத்தை எதிர்த்து 2000இல் மக்கள் உண்மையாகவே போராடி வென்றார்கள். தண்ணீரை அடைத்து வைப்பவனே வில்லன் என்று சொல்லும் படத்தை, 1927இல் மகத் குளத்தில் தண்ணீர் மொண்டு குடிப்பதற்காகப் போராட வேண்டியிருந்தவர்களின் வாரிசுகள் எப்படித் தள்ளிவிட முடியும்? படத்தில் அந்த மக்கள் யாரும் எதையும் செய்வதில்லை, பாண்ட்தான் எல்லாம் செய்கிறார் என்ற குறை அப்படியே இருக்கிறது.

2021இன் 'நோ டைம் டு டை' தொடரை மீண்டும் ஜமைக்காவுக்குக் கொண்டுவருகிறது. வேலையை விட்ட பாண்ட் அங்கே வசிக்கிறார். 007 என்ற எண் இப்போது நோமி என்ற கறுப்பினப் பெண்ணிடம் இருக்கிறது. நடித்த லஷானா லின்ச் ஜமைக்க வம்சாவளியைச் சேர்ந்தவர். குவாரலின் தீவுக்காரி ஒருத்தி அந்த எண்ணைத் தாங்கி வருகிறாள் என்பதில் எங்கள் கூட்டத்துப் பெண்கள் கை தட்டினார்கள். ஆனால் படம் முடிவதற்குள், அந்த எண்ணைப் பாண்டுக்கே திருப்பித் தரலாம் என்று நோமியே முன்வந்து சொல்கிறாள். பெருந்தன்மைதான். யார் பெருந்தன்மை காட்ட வேண்டும் என்பது எப்போதும் முன்பே முடிவாகிவிடுகிறது. தனி ஊராட்சியில் தேர்ந்தெடுக்கப்பட்ட தலித் பெண் தலைவர் தரையில் உட்கார, மற்றவர்கள் நாற்காலியில் உட்கார்ந்திருந்த படத்தை 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையிலிருந்து நாம் பார்த்தோம். எண் கையில் இருந்தது, நாற்காலி இல்லை.

கடைசியாகத் தமிழிலிருந்து ஒன்று. சுஜாதா கதை எழுதி 1986இல் வந்த கமல்ஹாசனின் 'விக்ரம்' ராக்கெட், கம்ப்யூட்டர், சலாமியா என்ற கற்பனை நாடு என்று பாண்டைப் பின்தொடர்ந்தது. 2022இல் லோகேஷ் கனகராஜ் அதே பெயரில் எடுத்த படத்தில் வீட்டு வேலைக்காரப் பெண் ஒருவர் வருகிறார். வீட்டுக்குள் ஆட்கள் புகுந்ததும் அவர் ஏஜென்ட் டீனா என்று தெரிகிறது. தனியாக நின்று சண்டையிட்டு, குழந்தையைக் காப்பாற்றி, உயிர் விடுகிறார். தியேட்டரில் கதாநாயகனுக்கு இணையாக அவருக்கு விசில் பறந்தது.

இதில்தான் எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை. வேலைக்காரி வேலைக்காரியாகவே இருந்து வீரம் காட்ட முடியாதா, உள்ளே ஒரு அதிகாரி ஒளிந்திருந்தால்தான் கை தட்டுவீர்களா, இதுவும் பழைய மாறுவேடக் கதைதானே என்று எங்களில் சிலர் வாதிட்டோம். போடியில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கும் ஒரு அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. அந்த நாலு வீட்டிலும் யார் யாருக்குக் கடன், யார் யாரை அடிக்கிறார், எந்தப் பையன் எந்தப் பெண்ணோடு பேசுகிறான் எல்லாம் தனக்குத் தெரியும், தனக்குத் தெரியும் என்பது மட்டும் அவர்களுக்குத் தெரியாது என்றார். டீனா வேஷம் போட்டவள் இல்லை, அவள் வேலையே அதுதான் என்பது அவர் கட்சி. அந்தச் சண்டைக் காட்சியை மட்டும் மறுபடி போடச் சொன்னார், இரண்டு முறை போட்டோம்.